மாமாவுக்கு ஓர் இலை

நனைத்த புகையிலையின் காரமான வாடை அத்தையின் கைகளை விட்டு ஒருநாளும் போனதில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு சுருட்டு சுற்றிக் கொடுத்தாள். அப்பாவின் தங்கையான அவளைக் கட்டிய மாமா, கல்யாணமான மறுவருஷமே மலாயாத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். யுத்தத்தில் "சப்பான்காரன்" அவரைச் சயாம் என்ற தாய்லாந்துக் காட்டில் "ரயில் ரோடு" போட இழுத்துப் போனான் என்று ஊர் திரும்பிய ஒருவர் சொன்னதோடு சரி, பிறகு தகவலே இல்லை. தெரு வேறு கதை சொன்னது. "சயாமாவது ரயிலாவது! அங்கன ஒருத்தியச் சேத்துக்கிட்டு ஓடிட்டான்" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசுவார்கள். இருக்கிறாரா, செத்தாரா என்று தெரியாமல் அமாவாசைக்கு அவர் பேரில் இலை போடவும் அத்தைக்கு மனம் வரவில்லை. பொட்டு வைக்கும்போதும் கை தயங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் "மறக்கக் கூடாத போர்க்கொடுமைகள்" என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வாய் திறக்கவே கூச்சப்படுகிற நான், மாமாவைப் பற்றி எழுதி, பெற்றோர் கூடிய கூட்டத்தில் படித்தேன். நடுவராக வந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

"அங்க செத்ததெல்லாம் வெள்ளைக்காரக் கைதிகம்மா. நம்ம சனத்துக்கு ஒண்ணும் ஆகல. கதை வேற, சரித்திரம் வேற."

பின்வரிசையில் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது என் வகுப்புத் தோழியின் அப்பா எழுந்தார்; ஆயக்குடிக்காரர், சந்தையில் கொய்யா விற்பவர். வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். கெண்டைக்காலில் பாதிச் சதை இல்லை.

"நான் அந்த ரோடு போட்டவனுங்க. புண்ணு தின்ன காலுங்க இது. எங்க மலாயாத் தோட்டத்துச் சனம் பாதிக்குமேல அங்கயே போச்சுங்க."

அத்தை எழுந்தாள். "அண்ணே, அங்கிட்டிருந்து யாரும் ஓடியிருக்க ஏலுமா?"

"எங்கீங்க ஓடறது? சுத்தியும் காடு. பேதி கண்டா எந்திரிக்கவே முடியாதுங்க."

"அப்ப அவரு ஓடல" என்றாள் அத்தை. அழுதபடியே சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பரிசு வேறொருத்திக்குப் போனது. அடுத்த அமாவாசைக்கு அத்தை மாமாவுக்கு முதல் இலை போட்டாள். காகம் சோற்றைத் தொட்டதும், "இம்புட்டு நாளாப் பசியோட கெடந்திருப்பாரு" என்று பெருமூச்சு விட்டாள். குழாயடிப் பேச்சு அதோடு நின்றது.

இன்று அத்தையும் இல்லை, காலைக் காட்டிய அந்த மனிதரும் இல்லை. என் மகளின் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ரயில் ரோடு அதில் இல்லை. அமாவாசைகளில் அத்தைக்கு இலை போடும்போது, பக்கத்தில் மாமாவுக்கும் ஒன்று போடுகிறேன். யாருக்கென்று மகள் கேட்டாள். சொன்னேன்.