வெயில் காலத்துப் பச்சை

என் அக்கா கிராம நர்ஸ். நாற்பது வயதுவரை டவுன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் வேலை பார்த்தவள். வெளியே பகலா இரவா என்பதை டியூட்டி அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவளைத் தூக்கி ஏரிக்கரை ஊர் ஒன்றில் போட்டபோது வீட்டில் யாருக்கும் சந்தோஷமில்லை. மாமா பஸ் கண்டக்டர், வாரத்தில் ஒரு நாள்தான் போய்ப் பார்க்க முடியும். மகள் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். மேட்டில் இருந்த இரண்டு அறைக் கட்டடத்துக்கு அக்கா தனியாகப் போய்ச் சேர்ந்தாள். முன்னறையில் எடை மெஷின், தடுப்பூசிப் பெட்டி, ஒரு கட்டில். பின்னறையில் அடுப்பு, அவள் குடித்தனம்.

முதல் மாதம் முழுக்கப் புலம்பல்தான். "இங்க பேசுறதுக்கு ஆளே இல்லடி. ஆறு மணிக்கு ஊரே கதவச் சாத்திக்குது." இரண்டாவது மாதம் பேச்சு மாறியது.

நான் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறேன். காகிதம் பறக்கக் கூடாதென்று எங்கள் கூடத்துக்கு ஜன்னலே வைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்வாள். விரலில் பசை காயக் காய நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இன்னிக்குக் காலைல ஏரி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. நடுவுல ஒரே ஒரு நாரை. அது நின்னதனாலதான் கீழ தண்ணின்னு புரிஞ்சுது."

பக்கத்துக் குடியிருப்புக்குப் போக அவளுக்கு ஏரிக்கரைதான் வழி. காலையில் சைக்கிளில் போவாள், மாலையில் திரும்புவாள். மண் கரை, ஒன்றரை மைல் நீளம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. சரிவின் அடியில் ஒரு வரிசையாகப் பதினோரு வீடுகள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த ஒன்றரை மைலை அவள் நான்கு வருடம் பார்த்துத் தீர்த்தாள். வெயில் காலத்தில் வெளுத்துப்போய்த் தொங்கும் வானம், சரிவுப் புல் காய்ந்து சிங்கத்தின் முதுகு மாதிரி ஆவது, முதல் மழைக்கு முந்தின நாள் கிழக்கே ஏறும் மை நிற மேகம், பனிக்காலத்தில் வயல் மேல் இடுப்பளவுக்குப் படுத்திருக்கும் புகை, எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. மாமா கிண்டல் செய்வார். "வார்டுல பேஷன்ட் இல்ல பாரு, உங்கக்கா மேகத்துக்கெல்லாம் கேஸ் ஷீட் எழுத ஆரம்பிச்சுட்டா."

அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லாதிருந்தால் பதினோரு வீட்டுக்காரர்கள் இன்று இல்லை. ஒருவர் மட்டும் இருந்திருப்பார். இரண்டையும் சேர்த்துத்தான் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வருட வெயில் காலத்தில் நான் லீவு போட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். முந்தைய மழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரியில் பாதித் தண்ணீர் நின்றது. கரைச் சரிவு முழுக்கக் காய்ந்து கிடந்தது. மதகுக்குக் கொஞ்சம் தள்ளி, அடிவாரத்தில், ஒரு பாய் விரித்த அளவுக்கு மட்டும் பச்சை. நடுவில் மஞ்சள் பூ. அக்கா அதைத் தனக்கே சொந்தமானது போலக் காட்டினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அங்கேயே உட்கார்ந்தோம். உட்கார்ந்த இடம் குளுகுளுவென்றிருந்தது.

"ஊரே தீயுது, இது மட்டும் எப்படிக்கா சிரிக்குது?" என்றேன்.

"அதான் தெரியல. இதப் பாக்கத்தான் நான் சீக்கிரமே கெளம்பி வர்றேன்."

எழுந்தபோது என் சேலையில் பின்பக்கம் ஈரம். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

அந்த வருடப் பனிக்காலத்தில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். மற்ற இடங்களில் வெயில் ஏறியதும் புகை கலைந்துவிடுகிறது, அந்த ஓரிடத்தில் மட்டும் பத்து மணிவரை நிற்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கொக்குகள் மற்ற இடங்களை விட்டுவிட்டு அங்கேயே இறங்குகின்றன. கரையின் வறண்ட பக்கத்தில் கொக்குக்கு என்ன வேலை?

அடுத்த வெயில் காலத்தில் பாய் அளவு ஓர் அறை அளவாகியிருந்தது. மஞ்சள் பூவைக் காணோம், கோரை முளைத்திருந்தது. கோரை தண்ணீரில் நிற்கும் செடி. அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் குனிந்தாள். கர்ப்பிணிகளின் காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்திய பள்ளம் உடனே மேலே வராமல் நின்றால் ஆபத்து. முப்பது நாளில் நூறு கால்களை அழுத்திப் பார்க்கும் விரல் அது. மண்ணில் வைத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, அதில் மெல்ல நீர் நிறைந்தது.

"குனிஞ்சு அழுத்திப் பாத்தேன்டி," என்றாள் போனில். "இது பூமி செழிப்பா இருக்கறது இல்ல. வீக்கம்."

மதகைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் சொன்னாள். ஐம்பது வயதுக்காரர். ஊரில் அவரை மதகுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மதகின் இரும்புச் சக்கரத்தைத் திருப்பித் தண்ணீர் விடுவது அவர் வேலை. அவருக்குச் சர்க்கரை வியாதி, மாதாமாதம் அக்காவிடம் வருவார்.

"கரைன்னா கசியத்தான் செய்யும் நர்ஸம்மா. வேர்க்காத உடம்பு எங்க இருக்கு?"

"வேர்வை ஒரே எடத்துல வருமாண்ணே?"

மறுநாள் அவர் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அக்கா எழுதிக் கொடுத்து, திரும்ப எழுதிக் கொடுத்து, ஆறாவது வாரம் இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். சின்ன வயது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. முழங்கால்வரை பேன்டை மடித்துக்கொண்டு கோரைக்குள் இறங்கி, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்தார்.

"தெளிஞ்சுதாம்மா வருது. பழைய கரை எல்லாத்துலயும் இது இருக்கும். கலங்கி வந்தாத்தான் பயம். அப்படி வந்தா கரைக்குள்ள மண்ணு கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம். பழுது பாக்கற பட்டியல்ல சேக்கறேன்."

சேர்த்தார் என்றே பின்னால் தெரிந்தது. பட்டியலில் முப்பத்தெட்டாவது இடம்.

அன்றிலிருந்து அக்கா நர்ஸ் பையில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தனியாக வைத்துக்கொண்டாள். சிறுநீர் சோதிக்கும் குழாய். தினமும் காலையில் அந்த நீரைப் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். "நர்ஸம்மா ஏரிக்கே டெஸ்ட் எடுக்கறாங்க, மாசமா இருக்கோ என்னவோ." அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாளும் பிடிப்பாள்.

இதற்குள் அவள் போன் பேச்சு மாறிவிட்டிருந்தது. வானத்தைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. சொல்லும்போதே குரல் எங்கோ இருக்கும். "மேகம் ஏழு அடுக்கா நிக்குது. நீ பாத்தா மயங்கிடுவ. எனக்கு அது கரைஞ்சு எங்கயாவது போயிடாதான்னு இருக்கு." மாற்றல் கேட்டு எழுதச் சொன்னார் மாமா. "வர்ற நர்ஸ் கரையப் பாப்பாளா?" என்று கேட்டாள்.

நான்காவது வருட மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, உபரி நீர் ஒரு பக்கம் வழிந்தது. அலை கரையின் விளிம்பிலிருந்து இரண்டு முழம் கீழே அடித்தது. பத்தாம் நாள் காலையில் மழை நின்றது. மேகம் பிளந்து அதன் நடுவில் வெள்ளி மாதிரி வெளிச்சம் இறங்கியது. அப்படியொரு காலையை நான்கு வருடத்தில் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாள். அந்த வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே டீ நிறம்.

குழாயைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை பிடித்தாள். அதே நிறம். கோரைக்கு நடுவே நீர் கொப்புளித்து வந்துகொண்டிருந்தது.

இன்ஜினியர் வேறொரு ஏரியில் இருந்தார். போனில் கேட்டதும் சொன்னார். "மதகை முழுசாத் திறக்கச் சொல்லுங்க. கீழ இருக்கறவங்களை மேட்டுக்கு ஏத்துங்க. நான் வந்துடறேன்."

மதகுக்காரர் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி நின்றார். முழுசாகத் திறந்தால் கீழே கதிர் பிடித்த வயலெல்லாம் மூழ்கும்.

"நர்ஸம்மா, நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியாது."

அக்கா குழாயை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

அக்கா சரிவில் இறங்கி ஓடினாள். பதினோரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் உறவு. முதல் வீட்டுப் பெரியம்மா சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அந்த அம்மாளின் மருமகளுக்கு ஒன்பதாம் மாதம்.

"என் மாமனார் காலத்துலருந்து இந்தக் கரை நிக்குது. ஒம்போது நாள் மழைக்கா போயிடும்? மாசமான பொண்ணச் சேத்துல நடக்க வச்சு எங்க கூட்டிட்டுப் போறது?"

"தண்ணி கலங்கி வருதும்மா. இன்ஜினியரே சொல்லிட்டார்."

"அவர் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அக்கா மருமகளைப் பாயில் படுக்கச் சொல்லி, நர்ஸ் பையில் இருந்த மரக் குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தாள். குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவது போலச் சீராகக் கேட்டது. நிமிர்ந்து, "துடிப்பு சரியில்ல. இப்பவே கெளம்பணும்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வீடு எழுந்தது. பெரியம்மா அலறவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு மருமகளின் கையைப் பிடித்தாள். கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். பெரியம்மா போவதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்தது. வழியெங்கும் அக்கா ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுத்தான் பேசினாள். "ஆடு மாட்ட அவுத்து விடுங்க. சாமான எடுக்காதீங்க." ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் மேட்டுக் கட்டடத்தின் முன்னே நின்றார்கள். அக்கா தலைகளை எண்ணினாள். அறுபத்தொரு பேர்.

மதகுக்காரர் அவளைத் தேடி மேட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. "சக்கரம் பாதிலயே இறுகிக்கிச்சு நர்ஸம்மா. இன்னும் ஏழெட்டு சுத்து பாக்கி. கடப்பாரைய வச்சு நெம்பினா வரும்."

"போதும்ணே. எல்லாரும் வந்தாச்சு."

"இங்க வந்தாச்சு. தண்ணி மொத்தமா ஒரே நேரத்துல போனா அடுத்த ஊருல என்னாகும்?" அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம் என்று பிறகு என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பகல் பதினொன்றே முக்காலுக்குக் கரை போனது. பெரிய சத்தம் எதுவும் இல்லையாம். அடிவாரத்தில் கோரை இருந்த இடம் சோறு வெந்து சரிவது போல உள்ளே இறங்கியது. மேலே பாதை வளைந்தது. அதன் மேல் ஓடி வந்துகொண்டிருந்த ஆளைக் காணோம். பிறகுதான் இரைச்சல் வந்தது. பதினோரு வீடும் சேர்ந்து நகர்ந்தன. அவர் பாக்கிச் சுற்றில் பாதியையாவது திறந்திருந்தார் போலிருக்கிறது. அடுத்த ஊரில் தண்ணீர் இடுப்பளவோடு நின்றது, உயிர்ச் சேதம் இல்லை.

மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது மதகுக்காரரின் உடலை வயலில் கண்டெடுத்திருந்தார்கள். அக்கா அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஏரி இருந்த இடத்தில் சேறு பளபளத்தது. அதற்கு மேலே ஒரு துளி மேகமில்லாத வானம். அவ்வளவு நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்ஜினியர் விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. முப்பத்தெட்டாவது இடம் என்று தானே சொன்னார். அவருக்கு எங்கோ மாற்றல் ஆகிவிட்டது. பெரியம்மா வீட்டில் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ, நல்ல குரல். பெரியம்மா எல்லோரிடமும் நர்ஸம்மாதான் காப்பாற்றினாள் என்று சொல்வாள். ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கொண்டுவந்த அன்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டாளாம்: "வேற ஏதாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இப்பவும் ராத்திரி எந்திரிச்சு இது நெஞ்சுல கைய வச்சுப் பாக்கறேன்." அக்கா, "எனக்கு வேற தோணலம்மா," என்றாள்.

ஒரு வருடத்தில் கல் பதித்துப் புதிய கரை கட்டினார்கள். மதகு வேலையை மதகுக்காரரின் மனைவிக்கே கொடுத்தார்கள். மாமா இன்னமும் மாற்றலைப் பற்றிப் பேசுகிறார், அக்கா பிடி கொடுப்பதில்லை. போன மழையில் நான் போயிருந்தபோது, விடியற்காலையில் அக்காவும் மதகுக்காரர் மனைவியும் கரையின் அடிவாரத்தோடு நடந்து போவதைப் பார்த்தேன். கிழக்கே வானம் செம்பருத்திப் பூவாக இருந்தது. இருவரும் நிமிரவில்லை, குனிந்து கல்லிடுக்கைப் பார்த்துக்கொண்டே போனார்கள். திரும்பி வந்ததும் அந்த அம்மாள் காலைக் கழுவிக்கொண்டே, "தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. மத்தியானம் நாலு சுத்து திறந்துடறேன்," என்றார். அக்கா தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.