பங்கு கேட்க வந்தவள்

வாயை மூடத் தெரியாத முட்டாள் நான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், கொம்யூன் என்ற ஊராட்சி அலுவலகத்தில் பொறுக்கிய நாலு பிரெஞ்சு வார்த்தைதான் என் படிப்பு. அதை நம்பி ஓர் அம்மாள் என்னைத் துணைக்கு அழைத்தாள்.

அமெரிக்கா பக்கம் இருக்கும் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவில் பிறந்தவள். அவள் தாய் அஞ்சலை, எங்கள் பாகூரிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவள். தாயின் சொந்தத்தில் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

கள்ளுக்கடையில், "யாருடா அது, இன்னா விசேஷம்?" என்றார்கள்.

"நெலத்துல பங்கு கேக்க வந்திருக்கா, உஷாரு!" என்றேன். கடையே சிரித்தது.

மறுநாள் வீடு வீடாக அழைத்துப் போனேன். அஞ்சலை பெயரைச் சொன்னதும் கதவுகள் சாத்திக்கொண்டன. ஏரிக்கரையோரம் கோவிந்தன் என்ற கிழவர் மட்டும் வெளியே வந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

"எங்க வூட்ல யாரும் கப்பல் ஏறல."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அவள், தாய் சொல்லிக்கொடுத்த மாதிரி அவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அந்த வாரமே கப்பலேறிவிட்டாள்.

அப்புறம் கோவிந்தன் என்னைத் தேடி வந்தார். "நெசமாவே பங்குக்காடா வந்தா?"

"தமாசுக்குச் சொன்னேன், மாமா."

இன்றும் தமாசு பேசத்தான் செய்கிறேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் அன்று சொன்னதுதான் காதில் விழுகிறது.

"உன் தமாசால எங்க அக்கா பொண்ண ஒரு வாய் தண்ணி கூட குடுக்காம தொரத்திட்டேன்டா."