கீழ் வீடு லீசுல கீது

ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் ஒரு வீடு வாங்கினேன். வீடு வாங்கி ஏமாந்தவர்களின் கதைகளில் போலிப் பத்திரம் இருக்கும், திருட்டுத் தரகர் இருப்பார். என் கதையில் அப்படி யாரும் கிடையாது. ஏமாற்றும் வேலை, ஏமாறும் வேலை இரண்டையும் வெளியாள் வைக்காமல் நானே பார்த்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் எங்களுக்குப் படகுச் சாமான் கடை. கயிறு, பெயின்ட், நட்டு, போல்ட்டு. அப்பா தெற்கேயிருந்து வந்து ஆரம்பித்தது. கடைக்கு மேலேயே குடியிருப்பு. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட வாடகைக்கு இருந்ததில்லை. யாருக்கும் வாடகைக்கு விட்டதும் இல்லை. இவ்வளவு தகுதியோடுதான் வாடகை வருமானத்துக்கு ஒரு வீடு வாங்கிப்போடலாம் என்று கிளம்பினேன். கடையில் நின்று நின்று கால் வலிக்கிறது, இனி வீடு நமக்காக நிற்கட்டும் என்பது என் பொருளாதாரக் கொள்கை.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு ஒன்றில் வீடு அமைந்தது. மாடியில் இரண்டு குடித்தனம், கீழே ஒன்று. விற்றவர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெரம்பூரிலேயே இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டதால் இதைத் தள்ளிவிட நினைத்தார்.

“மேல ரெண்டும் வாடகை சார். கீழ் வீடு லீசுல கீது. அத்த மனசுல வச்சிதான் வெல சொல்றேன்” என்றார்.

நான் தலையாட்டினேன். கடைக்காரன் காதில் லீசு என்றால் கிடங்கு லீசு. துறைமுகத்துப் பக்கம் கிடங்கு எடுக்கிறவர்கள் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் கட்டுவார்கள். ஆக, கீழே இருப்பவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒழுங்கான பார்ட்டி, சட்டென்று காலி செய்யச் சொல்ல முடியாது, அதனால் விலை கொஞ்சம் குறைவு. இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேலும் பேரம் பேசிக் குறைத்ததை ஒரு மாதம் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். கயிறு வாங்க வந்தவர்கள் பாவம், கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

என் மனைவி மட்டும், “ஏங்க, கீழ இருக்குற அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?” என்றாள்.

“அதெல்லாம் லீசு. உனக்குப் புரியாது” என்றேன். அவளுக்கும் புரியவில்லைதான். ஆனால் அவள் கேட்கச் சொன்னாள்.

வில்லங்கச் சான்று எடுத்தேன், சுத்தமாக வந்தது. பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் சங்கதி எதுவும் அதில் வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. வங்கியிலிருந்து ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், அறைகளை அளந்தார், போனார். உள்ளே இருப்பவர்களிடம் பேசுவது அவர் வேலை இல்லை. அது வாங்குகிறவன் வேலை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, எவ்வளவு கொடுக்கிறீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், எதுவரை இருப்பீர்கள் என்று கேட்க வேண்டும். அரை நாள் வேலை. நான் அந்த அரை நாளில் வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தேன்.

கீழ் வீட்டுக்கு நானே குத்துமதிப்பாக ஒரு தொகை வைத்து மூன்று வாடகையையும் கூட்டினால் வங்கித் தவணைக்குச் சரியாக இருந்தது. அப்படிச் சரியாக இருப்பதே ஆபத்து. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், மோட்டார் எரியும், ஒருவர் வாடகையைத் தள்ளிப்போடுவார். பன்னிரண்டு மாதத்தில் பத்து மாத வாடகைதான் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. நான் பேரத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தையெல்லாம் போட்டு, வாசலுக்குப் புது இரும்பு கேட்டும் வைத்தேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இரும்பு கேட் வைத்தவன் துருப்பிடிக்காமல் தடுக்கும் பெயின்ட் விற்கிறவன் என்பதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

முதல் மாதம் வாடகை வாங்கப் போனேன். மாடியில் இருவரும் கொடுத்தார்கள். கீழே இறங்கினேன். அங்கே குடியிருந்தவர் காசிமேட்டில் மீன் எடுத்து வியாபாரம் செய்யும் அக்கா. கணவர் இல்லை, கூலிக்குக் கடலுக்குப் போகும் ஒரே மகன். வாசலில் உட்கார்ந்து கருவாட்டை உதறிக்கொண்டிருந்தார்.

“அக்கா, வாடகை...” என்று இழுத்தேன்.

“இன்னா வாடக?”

“வீட்டு வாடகைக்கா.”

“நான் இன்னாத்துக்கு வாடக குடுக்கணும்? லீசுக்கு கீறேன் நைனா.”

“தெரியும்க்கா. அந்த லீசு வாடகைதான்.”

அக்கா கருவாட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மொத்தமா துட்ட குட்த்துட்டுத்தான் இந்த வூட்ல கீறேன். கெடு முடிஞ்சா துட்ட வாங்கிகினு போய்கினே இருப்பேன். வூட்ட வாங்கிட்டு, இது கூடவா தெரியாது?”

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒத்தி என்று பெயர். பெரிய தொகையை முன்னால் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒத்தியைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பெரம்பூர்க்காரர் ஒத்தி என்றிருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்பேன். லீசு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“கெடு எப்பக்கா முடியுது?”

“தடக்காலத்தோட முடியுது. பையன் போட்டுல பங்கு எடுக்குறான், பேசி வச்சாச்சு. தொழிலுக்குப் போவ ஆரம்பிக்கறதுக்குள்ள துட்டு வந்தா அவன் பங்குக்காரன். இல்லன்னா இன்னும் கூலிதான்.” குரல் உயரவே இல்லை. “அந்தப் பெரியவரு நீதான் குடுப்பேன்னாரு. குடுப்பியா?”

மீன்பிடித் தடை அப்போது பாதி ஓடியிருந்தது.

நேரே பெரம்பூர் போனேன். பெரியவர் பதறவில்லை. காபி வரவழைத்தார். “நான் அப்பவே சொல்லல? லீசுத் தொகையக் கழிச்சிதான வெலயே சொன்னேன். அதுக்கு மேலயும் நீ கொறச்சிகினு போன” என்றார். உண்மைதான். நான் பேரமாக நினைத்ததில் பெரும்பங்கு அக்காவின் பணம். என்னிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டிய அந்தப் பணம் இப்போது இரும்பு கேட்டாக நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒத்தி இருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள் அந்தத் தொகையை அன்றே தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும்; யாருக்கு யார் தர வேண்டும் என்பதை விற்றவர், வாங்கியவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நான் பெரம்பூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கண்டுபிடித்தேன்.

வீட்டின்மேல் இன்னும் கொஞ்சம் கடன் கேட்டதற்கு வங்கியில் சிரித்தார்கள். மரியாதையாகத்தான் சிரித்தார்கள். கடைசியில் நகை அடகுக்குப் போனது. மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “அந்த வீட்டுல நமக்குன்னு என்னங்க இருக்கு? அந்தப் பெயர்ப்பலகையா?” என்று கேட்டாள்.

நகைக் கடனும் கடைச் சரக்குக்கு வைத்திருந்த பணமும் சேர்ந்து முக்கால்வாசி தேறியது. அக்காவிடம் கொடுத்தேன். மகன் அதைக் கொண்டுபோய் படகுக்காரரிடம் கட்டினான். மீதியைக் கடலுக்குப் போகும் நாளுக்குள் கொடுத்தால் பங்கு உறுதி என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் இருந்தது.

மீதிக்கும் வழி செய்தேன். இனி ஒத்தியே வேண்டாம், மாத வாடகைதான் என்று முடிவெடுத்து, கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒருவரைக் கீழ் வீட்டுக்குப் பிடித்தேன். அவர் தரும் அட்வான்ஸ், அக்காவின் மீதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சாவி கைக்கு வந்ததும் பணம், வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும் என்றார் அவர். முதல் தடவையாக நான் போட்ட கணக்கு ஒன்று சரியாக வந்த சந்தோஷத்தில் அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, முக்கால்வாசி குடுத்தாச்சு. நீங்க வியாழக்கிழமை காலி பண்ணிச் சாவியைக் குடுத்தா, வெள்ளிக்கிழமை மீதியும் கைக்கு வந்துரும். ஒரே ஒரு நாள்தான். பையன் பங்குக்கு ஒண்ணும் ஆகாது. என் மேல நம்பிக்கை இல்லையா?”

அக்கா சாவியை இடுப்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிக்கொண்டார்.

“நம்பிக்க கீது நைனா, மீதி வரட்டும், சாவி வரும்.”