உள்ளே விடாத கணினி

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை சட்டென இருண்டு, மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்ட அந்தக் கணினி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தவறென்றால் தவறு என்று சொல்லியிருக்கும். அப்படிச் சொல்லவில்லை. கதவைத் திறந்து, வந்திருப்பது யாரென்று பார்த்ததும் சாத்திக்கொண்டது. திரையின் நடுவில் என் மச்சானின் பெயர். அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

மச்சான் என் அக்காவின் கணவர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். மச்சானுக்கு சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் என்றால் கிறுக்கு. பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், பிரியாணி தம் போடுவதற்குள் யாருடைய பழைய மடிக்கணினியிலாவது அதை ஏற்றத் தொடங்கிவிடுவார். ஏற்றியபின் சத்தம் வராது, இல்லையென்றால் வைஃபை வராது. அவர் முகம் அப்போதுதான் மலரும். "எல்லாம் ஒழுங்கா ஓடுச்சுன்னா, அப்புறம் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கு?" என்பார்.

அவர் போன பிறகு அவருடைய கணினியும் ஒருநாள் நின்றுபோனது. லாத்தா என்னை அழைத்தாள். "தம்பி, அவங்க கம்ப்யூட்டர் திறக்க மாட்டேங்குது. புதுசெல்லாம் வேணாம் லா. அவங்க வச்ச மாதிரியே வேணும்."

ஞாயிறு காலை கிளமெண்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவருடைய கோப்புகள் இருந்த பகுதியைத் தொடாமல், லினக்ஸை மட்டும் புதிதாக நிறுவினேன். பயனராக அவர் பெயரையே கொடுத்தேன். லாத்தா அப்படித்தான் கேட்டிருந்தாள். அதன்பிறகுதான் இந்தக் கூத்து. எத்தனை முறை தட்டினாலும் உள்ளே போவதுபோல் போய் வெளியே வந்து நின்றது. நாற்காலிக்குப் பின்னாலிருந்து லாத்தா கேட்டாள்: "அவங்க பேரைத்தானே போட்ட? அப்புறம் ஏன் விட மாட்டேங்குது?"

கைப்பேசியில் தேடித் தேடி, வெறும் எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நமக்குத்தான் பெயர், கணினி உள்ளுக்குள் ஆட்களை எண்ணால் அடையாளம் வைத்திருக்கிறது. மச்சானின் கோப்புகள் எல்லாம் இரண்டாம் ஆளின் எண்ணுக்குச் சொந்தமாக இருந்தன. நான் உருவாக்கிய மச்சானுக்கோ முதல் ஆளின் எண் கிடைத்திருந்தது. அவர் வீட்டு வாசலில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒருவர் நின்றதுபோல. விடுமா?

அப்படியானால் பழைய முதல் ஆள் யார்? பக்கத்திலேயே இன்னொரு கோப்புறை இருந்தது, லாத்தாவின் பெயரில். மச்சான் கணினி வாங்கிய அன்றே முதலில் அவளுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

"அதுல என்ன இருக்கு?" என்றாள்.

திறந்தேன். ஒன்றுமே இல்லை. அவள் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

"சொன்னாங்க லா. ஒருநாள் வந்து உட்காருன்னு. எனக்கெதுக்குன்னேன்." கோப்புகளின் உரிமையைப் புதிய எண்ணுக்கு மாற்றினால் திறந்துவிடும். மாற்றினால் மச்சானின் பழைய எண்ணில் எதுவும் மிஞ்சாது, எல்லாம் லாத்தாவுக்கென்று இருந்த முதல் எண்ணுக்கு வந்துவிடும் என்றேன். அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்தக் கை வராமல் உட்கார்ந்திருந்தேன்.

"பேரு அவங்களோடது, நம்பர் என்னோடது. அப்படித்தானே? மாத்து."

திறந்தது. அவர் வைத்த படம், அவர் அடுக்கிய கோப்புறைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி. ஒரு பாட்டைத் தட்டினேன். திரையில் பாட்டு ஓடுவதைக் காட்டும் பட்டை நகர்ந்தது, சத்தம் இல்லை. ஒலிபெருக்கியின் ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ஒலியளவைக் கூட்டினேன். எங்கிருந்தோ ஈ பறப்பதுபோல் மெல்லிய இரைச்சல் கேட்டது. லாத்தாதான் கண்டுபிடித்தாள். திரைக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனுக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக நிறுவியும், மச்சானின் பழைய அமைப்பு சத்தத்தை அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தது.

"நான் ஆஸ்பத்திரில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவேன்ல. அதான் எப்பவும் காதுல மாட்டிக்குவாங்க" என்றாள்.

சத்தத்தை ஒலிபெருக்கிக்குத் திருப்பினேன். வீடு அதிர்ந்தது. பழைய மலாய்ப் பாட்டு, பெண் குரல். பதறிப்போய்க் குறைக்கக் கை நீட்டினேன். லாத்தா தடுத்தாள். "விடு. இப்ப இந்த வீட்ல யாரு தூங்குறா?" பாட்டு முடியும்வரை நின்றே கேட்டாள். பிறகு, "இதையா இத்தனை வருஷம் கேட்டுட்டு இருந்தாங்க? எனக்குத் தெரியாதே" என்றாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மின்தூக்கியிலிருந்து இறங்கியதுமே நடைவழியில் பாட்டு கேட்கும். சில வாரம் மலாய், சில வாரம் வெறும் புல்லாங்குழல், ஒருமுறை மழைச் சத்தம் மட்டும். மச்சானின் பாட்டுக் கோப்புறையில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் அவள் கேட்பதில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும்படி செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டா, அப்புறம் புதுசா சொல்ல அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது லா."