பசவன் போட்ட முட்டை

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஓட்டை வாளி ஒன்றில் மண் போட்டு இரண்டு நத்தைகள் வளர்த்தேன். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் மழை விட்டதும் ஏறி வந்தவை. வகுப்பில் யாரோடும் பேச வராத எனக்கு, பேசவே தெரியாத இரண்டு துணை கிடைத்ததில் பெரிய நிம்மதி.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். அவை பெருகக் கூடாது. அவளுடைய கீரைத் தொட்டியை நத்தைகள் ஏற்கெனவே மொட்டையடித்திருந்தன. ஒரு குஞ்சைப் பார்த்தாலும் வாளியில் உப்பைக் கொட்டிவிடுவேன் என்றாள். உப்புப் பட்டு நுரைத்துச் சாகும் நத்தையை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பி, எங்களோடு தங்கியிருந்த மாமா, எனக்காகப் பேசினார். லேத் பட்டறையில் வேலை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பஜ்ஜித் தட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் நத்தை விஷயத்தில் அவருக்குத் தயக்கமே இல்லை. எதிர்வீட்டுக் கன்னடக்காரர்கள் நத்தையைப் 'பசவன ஹுளு' என்பார்கள். ஹுளு என்றால் புழு. பசவன் என்றால் காளை.

"பேர்லயே காளை கீது. ரெண்டும் ஆம்பளதான்க்கா."

அம்மாவும் நம்பினாள்.

ஒரு மாதம் கழித்து, மண்ணுக்குள் ஜவ்வரிசி போல முட்டைகள். மாமா வெகுநேரம் யோசித்து, ஒன்று மட்டும் தவறிப் பெண்ணாகியிருக்கும் என்றார். முட்டையிட்டதைப் பெயிண்ட் டப்பாவுக்கு மாற்றினோம். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் வாளியில் இருந்த காளையும் முட்டையிட்டது. அதைப் பார்த்தவள் அம்மா.

"இன்னாடா, உன் பசவனுக்குப் பிரசவம் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுப்பவள். ரெண்டும் ஆம்பளை என்று சொல்லித் தன்னை ஏமாற்றிவிட்டதாக அம்மா அவளிடம் முறையிட்டாள்.

"ரெண்டும் ஆம்பளன்னு யார்ரீ சொன்னது?"

மாமா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உங்க பாஷைதாங்க சொல்லிச்சு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு விளக்கினாள். நத்தை ஊர்ந்து போகிற வேகத்தில் வழியில் இன்னொரு நத்தையைச் சந்திப்பதே அபூர்வம். சந்தித்த நத்தையும் தன்னைப் போலவே ஆணாகவோ பெண்ணாகவோ இருந்துவிட்டால் வந்த தூரமெல்லாம் வீண். அதனால் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. எது எதிரே வந்தாலும் ஜோடிதான், இரண்டுமே முட்டையிடும். அப்படி இருந்தவைதான் காலங்காலமாகப் பெருகித் தழைத்தன. மாமா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வாளியையும், நான் ஒளித்த இடத்திலிருந்து எடுத்து வந்த பெயிண்ட் டப்பாவையும், பிள்ளைகளுக்குக் காட்டத் தானே வைத்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். அம்மா உப்பு ஜாடியை உள்ளே கொண்டுபோனாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் நானும் நத்தை பார்க்க எதிர்வீட்டுக்குப் போனோம். மாமாவுக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு சந்தேகம் இருக்கும். சில வாரம் பழைய சந்தேகமே திரும்ப வரும். அக்கா சலிக்காமல் பதில் சொல்வாள்.

ஒரு ஞாயிறு நான் எண்ணெய்க் குளியல் முடித்து வருவதற்குள், இஸ்திரி போட்ட சட்டையில் மாமா தனியாகவே கிளம்பிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவை என் நத்தைகள். என்னை விட்டுவிட்டு அவருக்கு அங்கே என்ன வேலை என்று இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.