வாழை நட்ட இடம்

பருத்தித்துறையில் பிறந்து, ஜெர்மனியில் இளமையைக் கழித்து, லண்டனின் கிழக்கு விளிம்பில் ஒரு சிறு நகரத்தில் கடை நடத்திக் கண்மூடிய எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவின் நற்குணங்களைத் தம்பி அடுத்த பக்கங்களில் எழுதியிருக்கிறான். அதில் பொய் எதுவும் இல்லை. நான் எங்கள் கடைக்கு எதிரே இருந்த மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை மறைத்துவிட்டு அப்பாவைப் புகழ எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பள்ளத்தை ஊரார் தாங்களே நிரவி உண்டாக்கிய மைதானம் அது. நடுவில் கால்பந்துத் திடல். அதைச் சுற்றிப் பொடிக்கல் பரப்பிய நீள்வட்டப் பாதை. குளிர்காலத்தில் பந்து, கோடையில் மோட்டார் சைக்கிள் பந்தயம். பிரேக்கே இல்லாத வண்டிகள் பக்கவாட்டில் சறுக்கியபடி சுற்றி வரும். திடலின் மூலைகள் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் பந்து விளையாடும் நாட்களில் அந்த இடங்களில் விரிப்புப் போடுவார்கள், பந்தயத்துக்கு முன் சுருட்டுவார்கள். ஒரே அடுப்பில் சமைக்கும் ஓரகத்திகள் போல இரு தரப்பும் முணுமுணுத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

பந்தயம் தொடங்கினால் எங்கள் கடைத் தட்டில் சோடாப் போத்தல்கள் நடுங்கும். பந்தய வண்டிகளுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய் எரிந்த மணம் அரிசி மூட்டை வரைக்கும் வரும். "இதென்ன பேய்ச் சத்தம்" என்று முதலில் ஏசிய அப்பா, பிறகு கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்கத் தொடங்கினார். பாதையைப் பராமரித்த ஸ்டான் அங்கேதான் அவருக்கு நண்பரானார். இங்குள்ள பருத்தித்துறை ஊர்ச் சங்கத்தின் செயலாளராக அப்பா இருந்தபோது, நம் விளையாட்டு விழாவுக்கு அந்த மைதானத்தைப் பெற்றுத் தந்தவரும் ஸ்டான்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பாதையில் யாரும் கைவைக்கக் கூடாது.

இனி நான் எழுதுவது அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என்னிடம் சொன்னது. விழாவுக்கு ஊரிலிருந்து பிரதம விருந்தினர் வந்திருந்தார். சவுத்தால் கடைத்தெருவில் தேடிப் பிடித்த இரண்டு குலை வாழைகளை மணல் வாளியில் வைத்துப் பாதையோரம் நிறுத்தியிருந்தார்கள். காற்றுக்கு ஒன்று சரிந்தது. வரவேற்பு வாழை விழுந்தால் நல்லதில்லை என்று யாரோ சொல்ல, அப்பா அலவாங்கை எடுத்துவந்து பாதையிலேயே குழி தோண்டி நட்டுவிட்டார். விழா சிறப்பாக நடந்தது. முடிந்ததும் குழியை மூடிக் காலால் மிதித்துவிட்டு, மேலே பொடிக்கல்லைத் தூவிவிட்டு வந்தார்.

மறுநாள் மாலைப் பந்தயத்தில் ஓர் இளம் வீரரின் முன்சக்கரம் அந்த இடத்தில் புதைந்தது. பின்னால் வந்தவரின் வண்டி அவர்மேல் ஏறியது. முன்னவருக்குத் தோளும் இடுப்பும் முறிந்தன. அதன்பின் அவர் வண்டி ஏறவில்லை. பாதையின் மண்ணைச் சரியாக இறுக்கவில்லை என்று ஸ்டானை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதை அவரே கடைக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். நன்றாக இறுக்கியதாகத்தான் தனக்கு ஞாபகம், ஆனால் வயதாகிவிட்டது, இப்போது தன் கையையே நம்ப முடியவில்லை என்றார். அப்பா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

சங்கத்துப் பெரியவர்கள் சிலருக்கும் விஷயம் தெரியும். "வாயைத் திறவாதையும், பிறகு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் கிரவுண்ட் தரமாட்டாங்கள்" என்றார்களாம். அவர்களில் சிலராகிய நீங்கள் இன்றும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த விபத்தைக் காட்டியே, சத்தம் பொறுக்காத அயலவர்கள் கவுன்சிலுக்கு மனுப் போட்டார்கள். பந்தயம் குறைந்து குறைந்து நின்றது. கால்பந்துக் கழகம் தனித்துத் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது அங்கே வீடுகள் எழும்புகின்றன.

மைதானம் மூடும் வரைக்கும் அப்பா சனிக்கிழமைகளில் சம்பளமின்றிப் போய்ப் பாதையை வாரிச் சமன்செய்து கொடுத்தார். வெள்ளைக்காரன் மைதானத்துக்கு இவர் ஏன் உழைக்கிறார் என்று நீங்கள் கேலி செய்தீர்கள். பிறகு சமூகத் தொண்டர் என்று பொன்னாடை போர்த்தினீர்கள். கடைச் சுவரில் அந்தப் படத்தை மாட்டியவள் நான். அப்பா அதன் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்த அன்று அப்பா கேட்டார்:

"பிள்ளை, ஸ்டானுக்கு ஒருக்காச் சொல்ல வேணும். என்னாலை ஏலாமல் போச்சு. நீ சொல்லுவியே?"

"ஓம் அப்பா, சொல்லுறன். இப்ப படுங்கோ."

அவரைத் தூங்கவைக்கத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் இறுதிக்கிரியை அன்று ஸ்டான் தடி ஊன்றி வந்தார். பழைய பந்தயக் கழகத்தின் கழுத்துத் துண்டை அப்பாவின் பெட்டிமேல் விரித்தார். "இவரைப் போல ஒரு நண்பர் எனக்கு இருந்ததில்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்குள் என் கை கூசியது.

சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இம்மலரில் தமிழில் மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால், அவருக்கு விளங்காத மொழிக்குள் நானும் ஒளிந்துகொண்டவளாவேன். அவர் முழுவதையும் கேட்டார். "அப்படியானால் நான் ஒழுங்காகத்தான் இறுக்கியிருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு எழுந்து போய் வாசற்கதவைத் திறந்துவிட்டு, நான் வெளியேறும் வரைக்கும் அதைப் பிடித்தபடியே நின்றார்.

அப்பாவை இரவு பகலாகப் பராமரித்த தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயல் வீட்டாருக்கும், பார்க்கிங், வால்தம்ஸ்டோ ஊர்களிலிருந்து ஓடிவந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டானுக்கும் சொல்லியிருக்கிறோம். முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை அவருக்காக விட்டிருக்கிறோம். அது கடைசிவரை வெறுமையாகவே இருந்தால், தயவுசெய்து யாரும் அதில் உட்கார வேண்டாம்.