மிராசுதார் பனியில் ஜீப் ஓட்டிய படங்கள்

கிட்ட வந்து உட்காருங்க, தூர நின்றால் இந்த வயிற்றெரிச்சல் காதில் விழாது. பனிமலையில் ஜீப் ஓட்டுகிறவரைப் படம் எடுப்பது என்றால், அவர் உள்ளே கதகதப்பாக உட்கார்ந்திருக்க, நாம் முழங்கால் பனியில் நின்று அவரை வீரனாக்க வேண்டும், தொழில் அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பசியோடு பந்தியைப் படம் எடுத்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எனக்குக் கும்பகோணத்தில் சின்ன ஸ்டூடியோ. பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர் மார்கழி பிறந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பிவிடுவார். பாதையில்லாத இடமாகப் பார்த்துப் பனிமேல் ஓட்டுவார். ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டவர்தான். ஆனால் குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்ததை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. படம் எடுக்க என்னையும் இழுத்துப்போவார்.

வெள்ளை போதவில்லை

நான் பச்சை வயலையும் மாநிற முகத்தையும் எடுத்துப் பழகிய ஆள். முதல் வருஷம் கேமராவில் வெளிச்சம் காட்டுகிற முள் சொன்னபடியே வைத்து எடுத்தேன். பனி அடித்த பளபளப்பில் முள் ஏமாந்துவிட்டது. ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தால் இமயமலை முழுக்க மங்கிக் கிடக்கிறது. பனியில் முள் சொல்வதைவிடக் கூடுதலாக வெளிச்சம் விடவேண்டும் என்று அப்புறம்தான் பிடிபட்டது.

மிராசுதார் பிரிண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிரில் எனக்கு விரல் மரத்துப்போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பனிக்குப் போனேன்னு இதைக் காட்டினா, நெல்லு அவிக்கிற அடுப்புல சாம்பல் அள்ளப் போனேன்னு நினைப்பாங்கய்யா” என்றார்.

தானாக ஏறிய ஜீப்

மூன்றாவது வருஷம் டிரைவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, கலியமூர்த்தியை ஓட்டக் கூட்டிவந்தார். அவன் மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கரை, தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன். டிராக்டர் ஓட்டிய கை, ஜீப்பும் ஓட்டும். சம்பா அறுப்புக்குள் திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவனை ஏற்றினார்.

மலையில் ஓட்டுவது முழுக்கக் கலியமூர்த்தி. கேமராவை நான் வெளியே எடுத்ததும் அவனை இறக்கிவிட்டு மிராசுதார் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்வார். அப்படிப் பிடித்த ஒரு நாள் ஜீப் அச்சுவரை பனியில் இறங்கிவிட்டது. கலியமூர்த்தியும் மலையாட்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று மூச்சு முட்டத் தள்ளினார்கள். மிராசுதார் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, தள்ளுகிற ஆட்கள் படத்தில் விழக்கூடாது, ஜீப் தானாக ஏறுகிற மாதிரி இருக்கவேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார். குனிந்து தள்ளிக்கொண்டிருந்த கலியமூர்த்தி என்னைப் பார்த்துச் சொன்னான்: “எடுங்கண்ணே. ஊர்ல இவருக்கு நெல்லும் தானாத்தான் விளையுது.”

வாடகைக் கோட்டு

தை பிறந்தது. மிராசுதார் திரும்புகிற வழியாக இல்லை. இன்னும் ஒரு மலை, இன்னும் ஒரு படம் என்று நாளைத் தள்ளினார். கதிர் முற்றி உதிர ஆரம்பித்திருக்கும் என்று கலியமூர்த்தி தவித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அதிசயமாக, அவனை ஒரு படம் எடுக்கச் சொன்னார் மிராசுதார். தன் வாடகைக் கோட்டைக் கழற்றி அவனுக்கே மாட்டி, ஜீப்பின்மேல் சாய்ந்து சிரிக்கச் சொன்னார். வேலைக்காரன் நிழல் பட்டாலே படம் கெட்டது என்று நினைக்கிற மனுஷர். எனக்கு உறுத்தியது. வெளிச்சம் போதாது என்று சாக்குச் சொல்லி மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன்.

சாயங்காலம் ஓட்டலில் அவர் ஊருக்கு டிரங்க் கால் போட்டு மச்சினரிடம் கத்திப் பேசினார். கிட்டத்தில் இருந்தால் காதில் விழாமல் இருக்குமா? நிலத்தில் தானே பாடுபடுகிற குத்தகைக்காரனுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு. கலியமூர்த்தி அப்படிப் பாடுபடுகிறவன் இல்லை, அவனை வெளியேற்றவேண்டும் என்று மனு ஏற்கெனவே போட்டாகிவிட்டதாம். மச்சினரிடம் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “அறுப்பு நேரத்துல கோட்டு போட்டுக்கிட்டு பனியில சிரிக்கிறவன் என்ன விவசாயின்னு அதிகாரியே கேட்பாரு, பாரு.”

பக்கத்தில் நிற்கிற அழகு

கலியமூர்த்தியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவனுடைய ஆறு மா நிலமும் கண் முன்னால் போகிறது, நிற்பதோ ஆயிரம் மைலுக்கு அப்பால். ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறிவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஒரு பீடியைப் பற்றவைத்து, தன் வீட்டுக்காரி அரிவாள் பிடிக்கத் தெரிந்தவள், அக்கம்பக்கத்தாரை வைத்து அறுப்பைத் தொடங்கிவிடுவாள் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றான். நான் பட்டனை அமுக்கப் போகும்போது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இப்படியே இரண்டு மூன்று தடவை. மிராசுதாருக்குப் பொறுமை போய் அதட்டினார். அவன் ரொம்பப் பணிவாகக் கேட்டான்: “தனியா நின்னா கோமாளி மாதிரி இருக்குங்கய்யா. நீங்க தோள்ல கை போட்டு நின்னீங்கன்னாத்தான் படத்துக்கே ஒரு களை வரும்.”

அதிகாரியின் கேள்வி

கேமரா முன்னால் கூப்பிட்டால் வராமல் இருக்க மிராசுதாரால் முடியுமா? ஒரு சுருள் முழுக்க வந்து நின்றார். மீசையை முறுக்கியபடி, ஜீப் நம்பர் தெரியும்படி, கலியமூர்த்தியின் தோளில் கை போட்டபடி. எதற்காக அந்தப் படம் என்பதே அவருக்கு மறந்துபோனது. ஊருக்கு வந்ததும் தான் நன்றாக விழுந்திருந்த படங்களாகப் பொறுக்கி, அந்த வாரமே வந்த மனு விசாரணையில் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இது யார் ஜீப் என்று கேட்டார். தன்னுடையது என்று பெருமையாகச் சொன்னார் மிராசுதார். அதற்கு அதிகாரி, “அப்ப அறுப்பு நேரத்துல இவரை வயலை விட்டுக் கூட்டிட்டுப் போனது நீங்கதானா?” என்றார்.

மனு தள்ளுபடியாகி வெளியே வந்து, படத்தில் பனி சரியாக விழவில்லை என்று மிராசுதார் என்மேல் பாய்ந்துகொண்டிருந்தபோது, கலியமூர்த்தி ஜீப் சாவியை அவர் உள்ளங்கையில் பதமாக வைத்துவிட்டு, பாதி அறுத்த வயலுக்கு டவுன் பஸ் ஏறிவிட்டான்.